மலையகத்தில் சொந்தத் தொழில்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் மிக்சர், முறுக்கு, கடலை பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் சின்னத் தொழில் என்னுடையது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பி இதை ஆரம்பித்தேன். பஸ்ஸில், கோயில் திருவிழாவில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஒரு விஷயம் கேக்கணும்" என்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"சொந்தமா ஏதாவது செய்யணும்னு ஆசை அக்கா. என்ன தொழில்னுதான் தெரியல. நீங்களே ஒன்னு சொல்லுங்களேன்."

நான் சொன்னால் என் தொழிலைத்தான் சொல்வேன். அதற்குப் பதிலாக, சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பையிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பஸ் காசும் கொடுத்து, அரை நாளும் போக்கி, அவர்கள் வாங்கி வரும் பொருளில் எது உங்கள் கையால் ஆகும் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படிப் பார்த்துத்தான் சடங்கு வீடுகளுக்குக் கேக் செய்ய ஆரம்பித்தாள். இன்னொருவர் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கொமினிகேஷன் கடை போட்டு நன்றாக ஓடினால், ஆறு மாதத்தில் அதே ரோட்டில் இன்னும் மூன்று முளைத்துவிடும். போட்டோ கொப்பி எடுக்க வருகிறவர்கள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே இருப்பார்கள்.

"அஞ்சு லட்சமாவது இல்லாம ஒன்னும் ஆரம்பிக்க முடியாதாமே?"

நான் மூன்று கிலோ கடலை மாவும் இரவல் தராசும் வைத்து ஆரம்பித்தேன். முதல் வாரம் பன்னிரண்டு பாக்கெட் விற்றது, அதில் நாலு என் பெரியம்மா வாங்கியது. எவ்வளவு போனாலும் வீட்டில் அடுப்பு எரிவது நிற்காதோ, அவ்வளவு முதல் போட்டுத் தொடங்குங்கள்.

ஐந்து லட்சம் கேட்பவர்கள் பெரும்பாலும் மெஷினுக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் பெயர்ப்பலகைக்கும்தான் கேட்கிறார்கள். பொருள் விற்குமா என்று தெரிவதற்கு முன்னாலேயே மெஷின் வாங்கினால், அது காம்பராவில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கையால் செய்து, தேவை கையை மீறும்போது மெஷின் வாங்குங்கள்.

"விலை எப்படிப் போடுறது? பக்கத்துல விக்கிறவங்களவிட அஞ்சு ரூபா குறைச்சுப் போட்டா போதும்தானே?"

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் தோற்பது இங்கேதான், தோற்கிறோம் என்று தெரியாமலே தோற்பதும் இங்கேதான். ஒரு கணக்குப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு வைத்தவை, உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 50 பாக்கெட் மிக்சர். மா, பருப்பு, கடலை, எண்ணெய் 3,200 ரூபா. கேஸ் 350. பை, லேபல் 450. கடைகளுக்குக் கொண்டுபோக ஓட்டோ 500. மொத்தம் 4,500, அதாவது பாக்கெட் 90 ரூபா. கடையில் 150 ரூபாவுக்கு விற்கும். கடைக்காரர் நூற்றுக்கு 20 எடுத்துக்கொண்டு உங்களுக்கு 120 தருவார். "பாக்கெட்டுக்கு 30 ரூபா, ஐம்பதுக்கு 1,500 லாபம்" என்று சந்தோஷப்படுவோம்.

இப்போது விட்டதைச் சேர்ப்போம். உடைந்தது, நமுத்தது, வீட்டுப் பிள்ளைகள் பிரித்தது என்று மூன்று பாக்கெட் போனால் விற்பது 47. கைக்கு வருவது 5,640. அதில் 4,500 போக மிச்சம் 1,140. இதற்காக ஒரு முழு நாள் அடுப்படியில் நின்றிருக்கிறீர்கள். தோட்டத்து நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது, 2024இல் அடிப்படையே 1,350 ஆனது. ஆக, கொழுந்து பறித்தால் கிடைப்பதைவிடக் குறைவாகச் சம்பாதித்துவிட்டு, அதை லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கூலி 1,350ஐயும் செலவில் எழுதினால் மொத்தம் 5,850. அதை 47ஆல் வகுத்தால் ஒரு பாக்கெட்டின் அசல் விலை 124 ரூபா 50 சதம். அதைத்தான் 120க்குக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

திருத்த இரண்டு வழி. ஒன்று, கடை விலையை 170 ஆக்கினால் உங்களுக்கு 136 வரும், கூலி போகவும் 540 ரூபா போல நிற்கும். மற்றது, அதே நாளில் 100 பாக்கெட் போடுவது. மாவும் பையும் இரட்டிக்கும், கேஸ் கொஞ்சம் ஏறும், ஓட்டோவும் உங்கள் கூலியும் அப்படியே இருக்கும். கேஸை 550 என்று வைத்தால் மொத்தச் செலவு 9,700. ஆறு பாக்கெட் வீணானாலும் 94 பாக்கெட் 120 ரூபாப்படி 11,280. பழைய விலையிலேயே 1,580 மிஞ்சும். ஆனால் 94 பாக்கெட்டை வாங்கக் கடைகள் வேண்டும். அதனால் முதலில் கடைகளைத் தேடுங்கள், பிறகு சட்டியைப் பெரிதாக்குங்கள்.

இன்னொன்று. கடைக்காரர் நூற்றுக்கு 20 என்றால் அது விற்கும் விலையில். 100 ரூபாவுக்கு வாங்கியதை 125க்கு விற்றால் வாங்கிய விலையில் லாபம் 25 வீதம், விற்ற விலையில் 20 வீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு முழு வருடம் ஒரு கடைக்குக் குறைத்துக் கொடுத்தேன். அவர் ஏமாற்றவில்லை, எனக்குத்தான் தெரியவில்லை.

"எனக்கே நான் சம்பளம் போட்டுக்கிறதா? எல்லாம் ஒரே வீட்டுக் காசுதானே!"

ஒரே வீட்டுக் காசாக இருப்பதுதான் சிக்கல். தோட்டத்தில் அளவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளை எழுதுவார். சொந்தத் தொழிலில் உங்களுக்குப் பேர் போட ஆளில்லை. கல்லாவில் காசு இருந்தால் எடுக்கிறோம், இல்லாவிட்டால் எடுப்பதில்லை. வருட முடிவில் உழைத்தது எங்கே போனது என்று தெரியாது.

இரண்டு டின் வையுங்கள். விற்ற காசு முழுவதும் தொழில் டின்னுக்குப் போகட்டும். மேலே போட்ட கூலியை வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து எடுத்து வீட்டு டின்னில் போடுங்கள். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டுமா? வீட்டு டின்னில் இருப்பதற்குள் வாங்குங்கள். தொழில் டின்னில் கை வைத்தே ஆகவேண்டும் என்றால், கடன் என்று கொப்பியில் உங்கள் பெயரையே எழுதுங்கள். நான் எனக்கே கடன்காரியாக இருந்த மாதங்கள் உண்டு. எழுதி வைத்ததால்தான் திருப்பிக் கட்டினேன்.

"கடன் குடுக்காம தோட்டத்துல கடை நடத்த முடியுமா?"

முடியாது. மாதச் சம்பளத்தில் ஓடும் இடத்தில் கடன் கொப்பி இல்லாத கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட எவ்வளவு, யாருக்கு, எது வரைக்கும் என்றுதான் யோசிக்க வேண்டும். நாற்பது வீட்டுக்கு இரண்டாயிரம் வீதம் கொடுத்தால் 80,000 ரூபா. உங்கள் முதல் அங்கே படுத்துத் தூங்குகிறது என்று அர்த்தம். மொத்தக் கடைக்காரர் உங்களுக்கு அந்த 80,000ஐக் கடனாகத் தருவாரா? தராவிட்டால், உங்கள் கையில் கூடுதலாக அவ்வளவு இருக்க வேண்டும்.

கடை நடத்தும் என் மாமா ஒருவர் வைத்திருக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எல்லை, அதைக் கொப்பியின் மேல் வரியிலேயே எழுதிவிடுவார். பழையதைத் தீர்க்காமல் புதுப் பக்கம் கிடையாது. அரிசி, மா, சீனி, பால்மா கடனுக்கு உண்டு. சிகரெட், போன் ரீலோட் கைக்காசுக்கு மட்டும். ஆட்கள் முன்னால் யாரிடமும் கடனைக் கேட்கமாட்டார், தனியாகத்தான் கேட்பார். சாவு வீடு என்றால் எல்லை பார்க்கமாட்டார். இதையெல்லாம் சட்டம் மாதிரி ஒட்டி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

"பதிவு பண்ணணுமா? பண்ணினா உடனே வரி கட்டச் சொல்வாங்கன்னு பயமா இருக்கு."

பதிவும் வரியும் வேறு வேறு. தொழில் பெயர்ப் பதிவு உங்கள் பிரதேச செயலகத்தில் நடக்கும். பொதுவாக அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். லயத்தில் இருந்து செய்பவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் இழுத்தடிக்கும். இடம் உங்கள் பெயரில் இல்லாததால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் தேவைப்படும். அதை முதலில் வாங்கிக்கொண்டு போங்கள், இரண்டு நடை மிச்சம். வருமான வரி தனி ஆளுக்கு, 2025 ஏப்ரலிலிருந்து, வருடம் 18 லட்சம் வரை வருமானத்துக்குக் கிடையாது. இங்கே வருமானம் என்பது விற்பனை அல்ல, செலவு போக நிற்பது. அந்த அளவுக்கு வந்துவிட்டால் எனக்கும் ஒரு டீ வாங்கித் தாருங்கள்.

அலுவலகம் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் பின்வாங்குவதைப் பரிகசிக்காதீர்கள். 1948இல் நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்ததும் ஒரு கடதாசிதான், பிறகு பத்திரம் இல்லை, பதிவு இல்லை என்று அலைய விட்டதும் கடதாசிதான். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் இன்று பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தொழில் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, பெரிய கடைகள் பொருள் எடுக்காது. பயத்தோடேயே போய் வாங்கிக்கொண்டு வாருங்கள். நானும் அப்படித்தான் போனேன்.

"சாப்பாட்டுச் சாமான்னா வேற என்ன வேணும்?"

பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ப் பாருங்கள். அவர் உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்கள் போவது நல்லது. சமைக்கும் இடம், தண்ணீர், கழிவு, தலைக்கு உறை என்று சொல்வார். செய்யக்கூடியவைதான். நகர சபையிலோ பிரதேச சபையிலோ எடுக்கவேண்டிய அனுமதியையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

லேபலில் பொருளின் பெயர், என்னென்ன சேர்த்தது, நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, விலை, செய்தவர் பெயர், விலாசம் எல்லாம் இருக்க வேண்டும். மூன்று மொழியிலும் போடுங்கள். அச்சடிக்கும் முன் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் காட்டாமல் ஐயாயிரம் லேபல் அடித்தேன், முறுக்கு என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை. அந்த லேபலின் பின்பக்கத்தில்தான் இன்றும் சாமான் பட்டியல் எழுதுகிறேன்.

"எங்க தோட்டத்துத் தேயிலையையே பாக்கெட் போட்டு வித்தா என்ன?"

நல்ல யோசனை, ஆனால் வழி நேர்மையாக இருக்க வேண்டும். தேயிலை வியாபாரம் இலங்கைத் தேயிலைச் சபையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தொழிற்சாலைத் தூள் பெரும்பாலும் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குத்தான் போகிறது. "அண்ணன் பெக்டரியில வேலை, மலிவாக் கொண்டு வந்து தருவார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். முறையான விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள், என்ன அனுமதி வேண்டும் என்று சபையில் கேளுங்கள். பாக்கெட்டில் இலங்கைத் தேயிலைக்கான சிங்கச் சின்னம் போட வேண்டுமானால் அதுவும் சபையின் அனுமதியோடுதான்.

1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். அவர் காசு பார்த்தது தேயிலையை நிறுத்து, பாக்கெட்டில் அடைத்து, மேலே தன் பெயரைப் போட்டு விற்றதில். அப்போது கொழுந்து பறித்த நம் பாட்டிகளின் பெயர் அந்த பாக்கெட்டில் இல்லை. இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கொஞ்சம் கோபம் இருக்கிறதுதான்.

"வங்கிக்குப் போனா காணி உறுதி கேக்கிறாங்க. நாங்க உறுதிக்கு எங்க போறது?"

உண்மைதான். தோட்டக் காணி அரசினுடையது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. பரம்பரையாக இருந்த காம்பராவை ஈடு வைக்க முடியாது. நமக்கு மிச்சம் இருப்பவை மூன்று: நகை அடகு, பிணையாளிகள், பாஸ் புத்தகம். மூன்றாவதை யாரும் மதிப்பதில்லை. ஒரு வருடம் வாரா வாரம் விற்பனைக் காசைக் கணக்கில் போட்டு எடுத்திருந்தால், அதிகாரிக்குக் காட்ட உங்களிடம் ஏதோ இருக்கிறது. டின்னில் வைத்த காசை யாருக்கும் நிரூபிக்க முடியாது.

வீட்டு வாசலுக்கு வந்து தரும் கடன்களில் வட்டியைச் சரியாகக் கேளுங்கள். ஒரு லட்சம், வருடம் 20 வீதம், மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு மாதம் என்பார்கள். 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் மாதமே நீங்கள் வாங்கிய தொகையில் கொஞ்சம் கட்டிவிடுகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்துகொண்டே வரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்குக் கிட்டத்தட்ட 35 வீதம். "குறையும் நிலுவைக்கா, முழுத் தொகைக்கா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். அப்புறம், வாரத் தவணை என்றால் உங்கள் தொழிலில் வாரா வாரம் காசு வருமா என்றும் பாருங்கள். மாதக் கடன் கொப்பியில் ஓடும் கடைக்கு வாரத் தவணை பொருந்தாது.

"சீட்டு எடுத்து அதுல போடலாமா?"

போடலாம். ஆனால் முதல் கையில் எடுத்த சீட்டு கடன், கடைசிக் கையில் எடுத்தது சேமிப்பு. இரண்டையும் ஒரே மாதிரி செலவழிக்காதீர்கள்.

"மச்சான் கடன் எடுக்கிறார், பிணைக்கு ஒரு கையெழுத்துக் கேக்கிறார். போடாட்டி சண்டை வரும்."

அவர் கட்டாவிட்டால் அந்தக் கடன் உங்களுடையது. கடன் தகவல் பணியகத்தில், கிரிப் என்பார்களே, அங்கே பிணையாளியின் பெயரும் வரும். பிறகு உங்கள் சொந்தக் கடன் மறுக்கப்படும்போதுதான் அது தெரியும். அந்தத் தொகையை நீங்களே கட்டினாலும் உறவு கெடாது என்றால் மட்டும் போடுங்கள். முடியாவிட்டால், "நானும் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், இப்ப பிணை போட்டா என்னுது நின்னுடும்" என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை, எழுதியே கொடுத்துவிடலாம்.

"அப்ப மச்சானையே கூட்டாளியா சேர்த்துக்கிட்டா?"

கூட்டுத் தொழிலில் ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. யார் எவ்வளவு முதல், யார் எத்தனை மணி நேரம், யாருக்கு என்ன சம்பளம், பிரிந்தால் சட்டி யாருக்கு என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து என்று கேட்பவர்தான் பின்னால் பஞ்சாயத்துக்கு வருவார்.

"தன்னம்பிக்கை வீடியோ நிறையப் பாக்கிறேன். மூனு நாளைக்கு நல்லா இருக்கு, அப்புறம் பழையபடி."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பேச்சாளர்கள் சொல்வது தப்பில்லை, ஆனால் விடிய நாலு மணிக்கு எழும்புங்கள் என்று அவர்கள் சொல்வதை என் அம்மா முப்பது வருடம் செய்தாள். நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, ஏழு மணிக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றாள். பணக்காரியாகவில்லை. உழைப்பும் ஒழுக்கமும் நம்மிடம் குறைவென்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன்.

நமக்குப் பழக்கமில்லாதது வேறு. என்ன செய்ய வேண்டும் என்று விடியக் காலையில் இன்னொருவர் சொல்லி, செய்ததை மாலையில் இன்னொருவர் நிறுத்துப் பார்த்த வாழ்க்கை பல தலைமுறையாக நடந்திருக்கிறது. தானே தீர்மானித்து, தானே நிறுத்துப் பார்ப்பது புதுப் பழக்கம், அதற்குக் கொஞ்சக் காலம் எடுக்கும். நான் செய்தது இதுதான்: இரவில் கொப்பியில் மூன்று வரி. இன்று எவ்வளவு விற்றது, எந்தக் கடை வேண்டாம் என்றது, நாளை யாரைப் பார்க்கப் போகிறேன். மூன்றாவது வரியை எழுதிவிட்டுப் போகாமல் இருக்க எனக்கே வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் எந்த வீடியோவையும்விட நன்றாக வேலை செய்தது.

"எனக்கு சிங்களம் சரியா வராது. டவுன் கடைக்குள்ள போகவே கூச்சமா இருக்கு."

வியாபாரத்துக்கு வேண்டிய சிங்களம் கொஞ்சம்தான். எண்கள், கிழமைகள், "கீயத" (எவ்வளவு), "தியெனவத" (இருக்கிறதா), "ஹெட்ட" (நாளை). இதோடு மாதிரி பாக்கெட் ஒன்றைப் பிரித்து நீட்டினால் மீதியை முறுக்கு பேசும். பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள். சிரித்தவர்தான் என்னிடம் இன்றும் வாரம் அறுபது பாக்கெட் எடுக்கிறார், என் உச்சரிப்பைத் திருத்துவதும் அவர்தான்.

"வீட்டுல யாருக்கும் இஷ்டமில்ல. ‘கொழும்புல நல்ல வேலைய விட்டுட்டு எதுக்கு இது’ன்னு கேக்கிறாங்க."

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முறையான வேலை என்றால் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப்புக்கு, உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம். சொந்தத் தொழிலில் அந்த 15 வீதத்தைத் தர யாருமில்லை. விலைக் கணக்கில் உங்கள் கூலியைப் போட்டபோது, இதற்கும் ஒரு தொகை சேர்த்தீர்களா? இல்லையென்றால் சேருங்கள். ஈ.பி.எப் காசை எடுத்து முதல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓய்வு வயதுக்கு முன் எடுக்க விடும் 30 வீதம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான்.

அதனால் வேலையை உடனே விடாதீர்கள். லீவு நாட்களில் செய்து பாருங்கள். உங்கள் கூலி உட்பட எல்லாச் செலவும் போக, ஆறு மாதம் தொடர்ந்து மிச்சம் நின்றால், கொப்பியை வீட்டில் காட்டுங்கள். என் அப்பா வாயால் சம்மதிக்கவே இல்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய எங்க வாங்குற?" என்று கேட்டார். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

"நான் செய்றத பாத்து இன்னொருத்தர் அதே சாமானை பத்து ரூபா குறைச்சுக் குடுக்கிறார். நானும் குறைக்கவா?"

அவர் தன் கூலியைக் கணக்கில் போட்டிருக்கிறாரா என்று யோசியுங்கள். போடாதவர் என்றால் நாலைந்து மாதத்தில் களைத்துவிடுவார், நீங்களும் குறைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து களைப்பீர்கள். இதற்கிடையில் கடைக்குச் சொன்ன நாளில் தவறாமல் போங்கள், நமுத்ததைக் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். கடைக்காரருக்குப் பத்து ரூபாவைவிட அது பெரிது. ஒருவேளை அவர் நூறு பாக்கெட் சட்டிக்குப் போய், உண்மையிலேயே மலிவாகச் செய்கிறார் என்றால்? அப்போது அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"தொழில் நல்லாப் போகுது. ரெண்டாவது கடை திறக்கலாமா?"

பத்து நாள் நீங்கள் இல்லாமல் முதல் கடை ஓடுமா? ஊருக்குப் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும். நான் அதைச் செய்யாமல் நுவரெலியாவில் ஏப்ரல் சீசனை நம்பி இன்னோர் இடம் எடுத்தேன். சீசனில் கூட்டம் அள்ளியது. மே மாதம் மழை, வாடகை மட்டும் பழைய மாதிரி. அதே நேரம் ஹட்டனில் மிக்சருக்கு உப்பு கூடிப் போச்சு, ஏனென்றால் அளவு என் கையில் மட்டும்தான் இருந்தது, எங்கும் எழுதியிருக்கவில்லை. வளரப் போகிறீர்கள் என்றால் முதலில் கை அளவைத் தராசு அளவாக்கி எழுதி வையுங்கள்.

ஆள் சேர்த்தால், ஒரே ஒருவராக இருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும். "நம்ம பிள்ளைதானே, கைக்காசாக் குடுத்துடலாம்" என்று நினைக்காதீர்கள். நம் அம்மா அப்பாவின் ஈ.பி.எப் கணக்கில் பேர் பிழை, நம்பர் பிழை என்று அலைந்தவர்கள்தானே நாம்?

"2022 மாதிரி திரும்ப வந்தா? இல்ல, ரோடு சரிஞ்சு போனா?"

வரும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது, கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை. நான் விறகடுப்புக்குப் போனேன், பாக்கெட்டைச் சிறிதாக்கினேன், விலையை வாரத்துக்கு வாரம் திரும்பக் கணக்குப் பார்த்தேன். விலையை ஏற்ற வெட்கப்பட்டவர்களுக்குத்தான் முதல் கரைந்தது. பழைய மாவை பழைய விலைக்கு விற்றுவிட்டு, புது மா வாங்கப் போனால் பாதி மூட்டைதான் வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது ரோடுகள் சரிந்தன, ரயில் பாதையும் உடைந்தது, கடைகளுக்குப் பொருள் போகவில்லை. சில இடங்களில் கடையே இல்லை.

என்னால் சொல்ல முடிந்தது: ஒரு மாதச் செலவுக்கான காசு தொழில் டின்னுக்கு வெளியே, வங்கியில் இருக்கட்டும். எல்லாச் சாமானையும் ஒரே அறையில் அடுக்காதீர்கள். மலைச்சரிவில் களஞ்சிய அறை எடுக்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் பின்பக்க மண்ணைப் பாருங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால் சாமானை விட்டுவிட்டு இறங்குங்கள்.

"சரிவரலன்னா எப்ப நிறுத்துறது?"

விலையைத் திருத்தியும், கடைகளைக் கூட்டியும், மூன்று மாதம் தொடர்ந்து உங்கள் கூலி நிற்கவில்லை என்றால் நிறுத்தலாம். முதலில் கடன் கொப்பியை வசூலியுங்கள், நீங்கள் மூடப்போவது தெரிந்தபின் வசூல் கடினம். பிறகு மொத்தக் கடைக்காரரின் பாக்கியைத் தீருங்கள், திரும்ப ஆரம்பிக்கும்போது அவர்தான் வேண்டும். பிரதேச செயலகத்திலும் தொழில் நிறுத்தியதை எழுதிக் கொடுங்கள்.

நான் நுவரெலியா இடத்தை ஒன்பதாவது மாதம் மூடினேன். அங்கிருந்த கண்ணாடி அலுமாரியை, கேக் செய்கிற அந்தப் பெண் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டாள். இரண்டு தவணை கட்டிவிட்டாள், மூன்றாவது வருகிற சம்பள நாளைக்கு.